பெட்டியில் ஏறும் ஆன்டிஆக்ஸிடன்ட்

டிஸ்கி முதலிலேயே: நான் டாக்டர் இல்லை. மருந்துச் சோதனைகளில் வந்து விழும் எண்களைக் கூட்டிக் கழித்து அட்டவணை போடுகிற புள்ளியியல் கூலி. இதைப் படித்துவிட்டு யாரும் எந்த மருந்தையும் தானாக நிறுத்த வேண்டாம், தொடங்கவும் வேண்டாம். திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும்.

டிசம்பர் வந்தால் நம்மவர்கள் ஊருக்குப் பெட்டி கட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். தலைக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. ஒரு காலத்தில் சாக்லேட், சென்ட் பாட்டில், மாமாவுக்கு எலக்ட்ரிக் ஷேவர் என்று போகும். இப்போது பாதிப் பெட்டி பிளாஸ்டிக் டப்பா. மஞ்சள் காப்ஸ்யூல், திராட்சை விதைச் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு, பீட்டா கரோட்டின், விட்டமின் ஈ, ஸ்பைருலினா. போன வருஷம் ஒரு நண்பர் முருங்கையிலைப் பொடி வாங்கிப் பெட்டியில் வைத்தார். அவருடைய அம்மா இருப்பது நெய்யாற்றின்கரையில். வீட்டுப் புறவாசலில் முருங்கை மரம் நிற்கிறது! "இது ஆர்கானிக்பா, ஆன்டிஆக்ஸிடன்ட் ஜாஸ்தி" என்றார். ஈரோட்டில் விளைந்த மஞ்சள் கப்பலேறி இங்கே வந்து, காப்ஸ்யூல் சட்டை போட்டுக்கொண்டு விமானமேறித் திரும்பிப் போகிறது. அதற்குக் கிடைத்த மரியாதை நமக்குக்கூடக் கிடைத்ததில்லை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு தட்டச்சு செய்ய மாட்டேன். இந்த டப்பாக்களில் பெரும்பாலானவை வீண். சில, சிலருக்கு ஆபத்து. அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது: டப்பா வந்து சேர்ந்ததும், நிஜமாகவே உயிர் காக்கிற வேலை தள்ளிப் போய்விடுகிறது. இதற்கான நல்ல ஆதாரங்களில் சில எங்கள் திருவனந்தபுரத்திலேயே, எங்கள் ஆட்கள் வாயிலிருந்தே எடுக்கப்பட்டவை. அதை நமக்கு யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை.

முதலில் அந்தச் சொல். பாடப்புத்தகத்தில் "ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி" என்று இருக்கும். டப்பாவில் அப்படி அச்சடித்தால் ஒருத்தனும் வாங்க மாட்டான் :-) விஷயம் இதுதான். நாம் தின்கிற சோற்றை செல்லுக்குள் ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் உடம்பு சக்தி எடுக்கிறது. அப்போது கொஞ்சம் ஆக்சிஜன் பாதி வழியில் நழுவி, ஒரு எலக்ட்ரானுக்காக அலைகிற துகளாகிவிடும். கொழுப்போ, புரதமோ, டிஎன்ஏவோ, கையில் கிடைத்ததைப் பிய்க்கும். இதை அடக்க உடம்பே காவல் வைத்திருக்கிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்ற நொதிகளும், குளூட்டதயோன் என்ற பொருளும் அந்தக் காவல்காரர்களில் சிலர். பிய்ப்பது கூடி, காவல் குறைந்தால் அதற்கு ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று பெயர். சர்க்கரை, மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் என்று எந்த நாள்பட்ட நோயைத் தோண்டினாலும் இது தென்படும். மூப்புக்கே இதுதான் காரணம் என்று 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் எழுதி வைத்தார்.

இதுவரை எனக்குச் சண்டை இல்லை. அடுத்த படியில்தான் வியாபாரி உள்ளே வருகிறான். "நோயில் இந்தப் பிய்ப்பு கூடுகிறது. செடிகளில் அதை அடக்கும் பொருள் இருக்கிறது. ஆகவே செடிச் சாற்றை விழுங்கினால் நோய் அடங்கும்." முதல் இரண்டு வாக்கியம் உண்மை. மூன்றாவது ஒரு யூகம். நல்ல யூகம்தான், நானும் நம்பியிருப்பேன். ஆனால் யூகத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதித்தார்கள்.

இந்தச் சோதனைகளில் ஒன்று மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள் இருக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்தில் நடந்தது. ஊரில் எல்லோருக்கும் அது ஆர்.சி.சி. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இன்றும் நம் ஆட்கள் ரயிலேறி வந்து நிற்கிற இடம். தென் கேரளக் கடற்கரையிலும் கிராமங்களிலும் முறுக்கான் போடும் பழக்கம் வெகு காலமாக உண்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே புகையிலை. வருஷக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம் வரும். லுக்கோபிளேக்கியா என்பார்கள். எல்லாப் படலமும் புற்றுநோய் ஆவதில்லை. ஆகிறவை நிறைய அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

சங்கரநாராயணனும் அவர் குழுவும் இப்படி வாயில் படலம் இருந்த 160 மீனவ ஆண்களையும் பெண்களையும் சீட்டுப் போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு விட்டமின் ஏ. ஒரு பகுதிக்குக் காரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டின், வாரத்துக்கு 360 மில்லிகிராம். மூன்றாவது பகுதிக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஒரு வருஷம் போனது. முடிவு 1997-இல் அச்சானது. வெறும் மாத்திரையில் 10 சதவீதம் பேருக்குப் படலம் முழுசாக மறைந்திருந்தது. பீட்டா கரோட்டினில் 33 சதவீதம். விட்டமின் ஏ-யில் 52 சதவீதம்.

டப்பா விற்பவன் இந்த இடத்தில் நிறுத்திவிடுவான். "கேரள விஞ்ஞானிகள் நிரூபித்தது" என்று பெரிய எழுத்தில் போடுவான்.

அந்த ஆய்வுச் சுருக்கத்தின் கடைசி வரியை அவன் போட மாட்டான். மாத்திரையை நிறுத்திய பிறகு, பீட்டா கரோட்டினில் குணமானவர்களில் பாதிப் பேருக்கும், விட்டமின் ஏ-யில் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கும் படலம் திரும்ப வந்தது. அதே குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஸ்பைருலினா ஆய்விலும் இதே கதைதான். தினம் ஒரு கிராம், ஒரு வருஷம். 44 பேரில் 20 பேருக்கு மறைந்தது. நிறுத்தி ஒரு வருஷத்துக்குள் அந்த 20 பேரில் 9 பேருக்கு மறுபடி வந்தது. படலம் மறைந்த கணக்குதான் இவையெல்லாம். புற்றுநோய் தடுக்கப்பட்டதாக இதில் எங்கும் இல்லை. இரண்டும் வேறு வேறு.

அளவையும் பாருங்கள். 100 கிராம் காரட்டில் சுமார் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். வாரம் 360 மில்லிகிராம் என்றால் நாலரைக் கிலோ காரட். முயல்கூட யோசிக்கும். "இயற்கை உணவுதானே" என்கிற பேச்சு இந்த அளவுக்குச் செல்லாது.

சரி, படலம் மறைகிற வரைக்கும் நல்லதுதானே, தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் போச்சு என்று தோன்றும். இதே காலத்தில் பின்லாந்தில் வேறொரு சோதனை முடிந்திருந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். ஒரு பங்குக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், அதாவது நம் மீனவர்களுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. 1994-இல் கணக்குப் பார்த்தார்கள். மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறையவில்லை, அதிகம்! மொத்தச் சாவும் 8 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளையும் வைத்து நடந்த இன்னொன்றில் பீட்டா கரோட்டினும் விட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். 28 சதவீதம் அதிகப் புற்றுநோய், 17 சதவீதம் அதிகச் சாவு என்று கண்டு 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

திருவனந்தபுரத்தில் ஏன் இந்தக் கெடுதல் தெரியவில்லை என்று கேட்டால், அதற்குப் பதில் என் தொழில். 160 பேரை ஒரு வருஷம் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஆயிரக்கணக்கான பேரை ஆறேழு வருஷம் பின்தொடர்ந்தால்தான் தெரியும். சின்ன ஆய்வில் கெடுதல் தென்படவில்லை என்பதால் கெடுதலே இல்லை என்று ஆகிவிடாது. விட்டமின் ஈ-க்கும் அப்படித்தான் நடந்தது. புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி 35,000-க்கு மேற்பட்ட ஆண்களைச் சேர்த்துச் சோதித்தார்கள். 2011-இல் வந்த கணக்கில் விட்டமின் ஈ தின்றவர்களுக்கு அதே புற்றுநோய் 17 சதவீதம் அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் பின்லாந்து ஆய்வில் ஒளிந்திருக்கிறது. சோதனை தொடங்கும் முன்பே சாப்பாட்டில் பீட்டா கரோட்டின் அதிகம் எடுத்தவர்களுக்கு, ரத்தத்திலும் அது அதிகம் இருந்தவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. அதே பொருள்தான். தட்டில் இருந்தபோது நல்ல சகுனம், டப்பாவில் வந்தபோது கெட்டது. ஏன்? காரட்டும் கீரையும் தின்கிறவன் வேறு ஏதோ பலவற்றையும் சரியாகச் செய்கிறவனாக இருக்கலாம். அல்லது கீரையில் இருக்கும் ஆயிரம் பொருள் ஒன்றுக்கொன்று சேர்ந்து செய்கிற வேலையை ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தால் செய்யாமல் இருக்கலாம். எப்படியானாலும் டப்பா விற்பவனுக்கு இது உதவாது.

இப்போது முறுக்கானுக்கே வருகிறேன். வெற்றிலையில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். பொய் இல்லை, இருக்கிறது. பாக்கிலும் பாலிஃபினால் நிறைய உண்டு, பச்சைத் தேயிலையில் இருப்பதாகக் கொண்டாடப்படும் கேட்டசின் உட்பட. ஆனால் அதோடு சுண்ணாம்பைச் சேர்த்து மெல்லும்போது வாயில் காரத்தன்மை ஏறுகிறது. காரத்தில் பாக்கின் பாலிஃபினால் தானே ஆக்சிஜனோடு வினை புரிந்து சூப்பராக்சைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கக்குகிறது. எதை அடக்கும் என்று விற்கிறார்களோ அதையே உண்டாக்குகிறது. இடம் மாறினால் குணம் மாறும். இதைவிடத் தெளிவாக வேறெப்படிச் சொல்வது? புகையிலை இல்லாவிட்டால் பரவாயில்லை என்றும் நினைக்க வேண்டாம். பாக்கே தனியாக மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் முதல் வகையில் சேர்த்துவிட்டது. பாக்குப் பொட்டலத்தை வாயில் கொட்டிக்கொண்டு கிரீன் டீ குடிக்கும் அண்ணன்மார் கவனிக்க.

இதெல்லாம் எனக்குத் திடீரென்று ஏன் கொதிக்கிறது என்றால், அத்தை.

கரமனையில் இருக்கிறார். 68 வயது. சர்க்கரை, பிரஷர், கூடவே நாற்பது வருஷ முறுக்கான். போன மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்த ஆஷா பணியாளர் ஒரு பெண் பேச்சுவாக்கில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா, இடது கன்னத்தில் வெள்ளையாக இருக்கிறது, உடனே காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தை ஹூஸ்டனில் இருக்கும் மகனிடம் சொன்னார். அத்தான் இணையத்தில் தேடினார். என்ன கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மேலே சொன்ன அதே திருவனந்தபுரம் ஆய்வு, கடைசி வரி இல்லாமல்.

அத்தான் எனக்குப் போன் பண்ணினார். "மாப்ளே, நீ மருந்துக் கம்பெனி வேலைதான பாக்குத. பீட்டா கரோட்டின்ல எந்தப் பிராண்டு நல்லது? ஸ்பைருலினாவும் சேத்து அனுப்பலாம்னு இருக்கேன்."

"அத்தை டாக்டர்ட்டப் போனாங்களா அத்தான்?"

"டப்பா வரட்டும்னு இருக்கா. ஊருல டாக்டர்ட்டப் போனா கத்திய வைப்பான்னு பயம். இது இயற்கையானதுல்லா."

நாலு மாசம். ஆஷா பெண் சொல்லி நாலு மாசம் ஆகியிருந்தது. இதற்குள் ஒரு டப்பா போய்ச் சேர்ந்து காலியாகியும் விட்டது. படலம் சின்னதாகியிருப்பதாக அத்தை கண்ணாடியில் பார்த்துச் சொல்கிறாராம். முறுக்கானை விட்டாரா என்று கேட்டேன். அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது எப்பிடில, நாப்பது வருசப் பழக்கம்" என்றார்.

அத்தானைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒரு மகன் என்னதான் செய்வான்? அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போக முடியாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து டப்பா தேட முடியும், கூரியர் கட்டணம் கட்ட முடியும். நம்முடைய இந்த இயலாமையை மோப்பம் பிடித்துத்தான் கடைக்காரன் அலமாரி அடுக்குகிறான். என் கோபம் அவன் மேல். "செல்களைக் காக்கும்" என்று டப்பாவில் அச்சடிப்பான், எந்த நோயையும் குணமாக்குவதற்கல்ல என்று அடியில் பொடி எழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொள்வான். இரண்டு வரியும் ஒரே டப்பாவில்!

அதே திருவனந்தபுரத்தில் அதே சங்கரநாராயணன் இன்னொரு சோதனையும் நடத்தினார். டப்பா இல்லாத சோதனை. 1996-இல் தொடங்கி மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துப் பகுதிகள். ஏழு பகுதிகளில், டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களை வாயைத் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தார்கள். சந்தேகம் என்றால் டாக்டரிடம் அனுப்பினார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, மூன்று சுற்று. மீதி ஆறு பகுதிகளில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். 2005-இல் லான்செட்டில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில், வாய்ப் புற்றுநோயால் சாவு லட்சத்துக்கு 45.4-இலிருந்து 29.9. அதாவது 34 சதவீதம் குறைவு. (பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்த மொத்தக் கணக்கில் வித்தியாசம் உறுதிப்படவில்லை. கடைசி வரியை மறைக்கிறவன் என்று என்னை யாரும் சொல்லக்கூடாது பாருங்கள்.) 15 வருஷம் தொடர்ந்து பார்த்தபோதும் பழக்கம் உள்ளவர்களில் 24 சதவீதம் குறைவு.

ஒரு ஆள் வாயைத் திறந்து காட்டுவது, இன்னொரு ஆள் பார்ப்பது. அத்தைக்கு அந்த ஆஷா பெண் செய்தது இதைத்தான். அதில்தான் உயிர் பிழைக்கிற கணக்கு இருக்கிறது. ஹூஸ்டன் டப்பா அந்தக் கணக்கிலிருந்து நாலு மாசத்தைத் திருடிக்கொண்டது.

அடுத்து சர்க்கரை. நம் வீடுகளில் பெட்டியில் போகும் டப்பாக்களில் பாதி இதற்குத்தான். 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் கணக்கில் கேரளத்தில் பெரியவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை. எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பாவும் இந்த எண்ணைத் தொட்டதாக நான் பார்த்த வரையில் ஒரு பெரிய சோதனையும் காட்டவில்லை. எதிர்மாறாக ஒன்று உண்டு. 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களை நாலு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். பாதிப் பேருக்குத் தினம் 1000 மில்லிகிராம் விட்டமின் சி, 400 யூனிட் விட்டமின் ஈ. மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. மாத்திரை தின்றவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. உடற்பயிற்சியில் உண்டாகிற கொஞ்சம் பிய்ப்பே உடம்புக்கு ஒரு மணியடிப்பு. அதைக் கேட்டுத்தான் உள்ளூர்க் காவல் பலப்படுகிறது. மணியின் நாக்கைப் பஞ்சால் கட்டினால் காவல்காரன் தூங்குவான். சங்குமுகம் கடற்கரையில் மூச்சு வாங்க நடந்துவிட்டு வந்து விட்டமின் விழுங்கும் சித்தப்பாமார் நினைவில் கொள்ளலாம்.

சாப்பாட்டை மாற்றினால் சர்க்கரை ஓடிவிடும் என்றும் நான் கதை விட மாட்டேன். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் சர்க்கரை வரக்கூடிய ஆபத்தில் இருந்த 1,007 பேரை வைத்து ஒரு நல்ல சோதனை நடந்தது, ஸ்ரீசித்ரா நிறுவனத்தாரும் சேர்ந்து செய்தது. ஊர்க்காரர்களே குழுவாகக் கூடி இரண்டு வருஷம் சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றப் பார்த்தார்கள். காய்கறி, பழம் தின்பது கூடியது. மது குறைந்தது. சர்க்கரை வந்தவர்கள் 17.1 சதவீதத்துக்கு எதிராக 14.9 சதவீதம். குறைவுதான், ஆனால் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவு இல்லை என்று 2018-இல் அவர்களே எழுதினார்கள். இரண்டு வருஷம் ஊர் கூடித் தேர் இழுத்தே இவ்வளவுதான் நகர்ந்தது. ஒரு காப்ஸ்யூல் இழுத்துவிடும் என்பவனை என்ன சொல்ல!

தேங்காய் எண்ணெயைத் தொட்டால் எங்கள் ஊரில் வெட்டுக்குத்து நடக்கும், ஆனாலும் தொடுகிறேன். "வெர்ஜின்" தேங்காய் எண்ணெய்க்கு இவ்வளவு மவுசு வந்ததில் காரியவட்டத்துக்கும் பங்கு உண்டு. கேரளப் பல்கலைக்கழகத்தில் நெவினும் ராஜமோகனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த எண்ணெய் கொடுத்தபோது கொழுப்பு அளவுகள் சீரானதையும், அதன் பாலிஃபினால் கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதைத் தடுத்ததையும் காட்டினார்கள். ஒழுங்கான வேலை. ஆனால் எண்ணெய் குடித்தவை எலிகள், 45 நாள். ஆக்சிஜனேற்றம் தடுக்கப்பட்டது சோதனைக்குழாயில். மனிதர்களிடம் நடந்த சோதனைகளை 2020-இல் தொகுத்துப் பார்த்தபோது, மற்றத் தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பைச் சுமார் 10 புள்ளி ஏற்றுகிறது. கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரிடம் இரண்டு வருஷம் பார்த்ததில் சூரியகாந்தி எண்ணெய்க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, அவியலுக்கு மேலே ஒரு கரண்டி ஊற்றுவதை யாரும் தடுக்கவில்லை. அதை ஊற்றாவிட்டால் அது அவியலே இல்லை. காலையில் வெறும் வயிற்றில் மருந்தாக இரண்டு ஸ்பூன் குடிப்பதுதான் எலிக்கணக்கு.

மஞ்சளுக்கும் இதே நீதி. மஞ்சள்பொடியில் குர்குமின் ஏறக்குறைய மூன்று சதவீதம்தான். அதிலும் உடம்பு உறிஞ்சுவது சொற்பம். இது கம்பெனிக்குத் தெரியும். ஆகவே சாற்றைப் பல மடங்கு இறுக்கி, உறிஞ்சுவதற்காக மிளகின் பைப்பரினையும் சேர்த்து அடைக்கிறான். அப்போது அது சாம்பாரில் போட்ட மஞ்சள் இல்லை, வேறொரு சரக்கு. 2022-இல் அமெரிக்காவில் கல்லீரல் பாதிப்புகளைப் பதிவுசெய்யும் மருத்துவக் குழு மஞ்சள் டப்பாக்களோடு தொடர்புடைய 10 பேரைப் பற்றி எழுதியது. ஒருவர் இறந்துவிட்டார். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் சாம்பார் சாப்பிட்டு யாருக்கும் இப்படி ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்கிற பெரியவர்களுக்கு விட்டமின் ஈ-யும் இந்த மாதிரிச் சாறுகளும் ரத்தக்கசிவைக் கூட்டலாம். பெட்டியில் வைக்கும்போது இதை யார் கேட்கிறார்கள்?

"அப்போ நம் பாரம்பரியம் எல்லாம் பொய்யா, பாட்டி சொன்னதெல்லாம் தப்பா" என்று வரிந்துகட்டி வருவார்கள். பாட்டி காப்ஸ்யூல் தின்னச் சொல்லவில்லை ஐயா. முருங்கைக்கீரையைத் துவரன் வைத்தாள், தடியங்காயில் புளிசேரி வைத்தாள், மிச்சத்தை மறுநாள் வீணாக்காமல் ஒப்பேற்றினாள். அதில் நார் உண்டு, கீரை உண்டு, வயிறு நிறைகிற அளவும் உண்டு. அந்தச் சமையலிலிருந்து ஒரு மூலக்கூறைப் பிடுங்கி டப்பாவில் அடைத்து, அதற்குப் பாட்டி பெயரை வைப்பவன்தான் பாரம்பரியத்தைக் கேவலப்படுத்துகிறான். அமெரிக்க விவசாயத் துறையே ஒரு காலத்தில் உணவுகளுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தது. கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன, சோதனைக்குழாய் மதிப்பெண்ணுக்கும் மனித உடம்புக்கும் தொடர்பு இல்லை என்று சொல்லி 2012-இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். நம் குடும்ப வாட்ஸ்அப்பில் மட்டும் அந்த மதிப்பெண் இன்னும் ஓடுகிறது.

டாக்டர் கண்டு மருந்தாக எழுதித் தருகிற விட்டமின் வேறு விஷயம். குறைபாடு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்து கொடுப்பதோடு எனக்கு வழக்கு இல்லை.

அத்தை கடைசியில் போனார். பக்கத்து வீட்டு அக்கா துணைக்குப் போனார். சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை, ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, மூன்று மாசத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் தடவை காட்டிவிட்டார். இரண்டாவது தேதி வருகிற மாசம். முறுக்கானைக் குறைத்திருக்கிறேன் என்கிறார், விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. அத்தான் இந்த டிசம்பரில் போகிறார். பெட்டியில் டப்பா வைக்கப்போவதில்லை என்று என்னிடம் சொன்னார். அந்த மூன்றாவது மாசத் தேதிக்குத் தானே கூடப்போகிற மாதிரி டிக்கெட்டைப் பத்து நாள் தள்ளிப் போட்டிருக்கிறார்.

பி.கு.: புகையிலையை விட உதவும் இந்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800-11-2356. தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். ஊரிலிருந்துதான் அழைக்க முடியும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை போனில் எண்ணைச் சொல்லி எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியே, "வாயைத் திறந்து கண்ணாடியில் பாரும்மா, வெள்ளையாவோ சிவப்பாவோ ஆறாத புண்ணோ இருக்கா" என்றும் கேளுங்கள். இருந்தால், ரெண்டு வாரம் பொறுத்துப் பார்க்கிற விஷயம்கூட இல்லை, யாரையாவது துணைக்கு ஏற்பாடு பண்ணி அனுப்புங்கள். ஆட்டோக் காசு நீங்கள் கொடுங்கள்.